ஆக்சிலேட்டர் கேபிளும் ஆரல்வாய்மொழிக் காற்றும்

போன மாதம், பெங்களூரில் வேலை பார்க்கும் என் பேரன் ஒரு வார லீவில் கொட்டாரம் வந்திருந்தான். பஸ்ஸிலோ ரயிலிலோ வரவில்லை. புதிதாக வாங்கிய ஹிமாலயன் 450 மோட்டார் சைக்கிளிலேயே வந்து இறங்கிவிட்டான். அவன் பாட்டி அவனுக்கு ஆரத்தி எடுக்காத குறைதான். நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பழைய பழக்கம், எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் வலது கைப்பிடியிலிருந்து இறங்கும் ஆக்சிலேட்டர் கேபிள் எந்த வழியாக எஞ்சினுக்குப் போகிறது என்றுதான் என் கண் தேடும்.

இடது பக்கம் கிளச் கேபிள் இருந்தது. வலது பக்கம் நாலைந்து மெல்லிய மின் வயர்கள் மட்டும்தான்.

“ஏலே, ஆக்சிலேட்டர் கேபிளை எங்கடே ஒளிச்சு வச்சிருக்கான்?”

“கேபிளே கிடையாது தாத்தா. கைப்பிடிக்குள்ள சென்சார் இருக்கு. நாம எவ்வளவு திருகுறோம்னு அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் ஒரு குட்டி மோட்டாரை வச்சுத் திறந்துவிடும்.”

“அப்ப, அந்து போறதுக்கு ஒண்ணுமே இல்லையா?”

“இல்லை தாத்தா” என்றான் பெருமையாக. நல்லதுதான் என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தேன். 1981-ஆம் வருஷம் ஐப்பசி மாதத்து ராத்திரி ஒன்று நினைவுக்கு வந்தது. அதைச் சொல்வதற்கு முன், கைக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஓடிய அந்தக் கேபிளின் கதையையும், அது போய்ச் சேர்ந்த கார்ப்புரேட்டரின் கதையையும் சொல்லியாக வேண்டும். வயதானவர்கள் பலருக்கு இந்தச் சொற்கள் தெரியும். உள்ளே என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்காது. இயற்பியல் வாத்தியாரான எனக்கே தெரிந்திருக்கவில்லை.

மோட்டார் சைக்கிள் பிறந்த காலத்தில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இரும்புக் கம்பிகளும் லீவர்களும்தான் இருந்தன. கம்பி நேராகத்தான் இழுக்கும், தள்ளும். ஹேண்டில் பார் திரும்பும்போது அதோடு சேர்ந்து வளைந்து கொடுக்காது. அதனால் பல வண்டிகளில் லீவர்களைப் பெட்ரோல் டாங்கின் ஓரத்தில் வைத்திருந்தார்கள். வேகத்தை மாற்ற ஒரு கையை ஹேண்டிலிலிருந்து எடுக்க வேண்டும். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் போகிற சாலையில் அது எவ்வளவு ஆபத்து என்று நினைத்துப் பாருங்கள்.

1896-இல் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்பவர் இங்கிலாந்தில் ஒரு காப்புரிமை வாங்கினார். அயர்லாந்தில் பிறந்தவர். அவர் செய்தது எளிமையான காரியம். பல இழைகளை முறுக்கிய எஃகுக் கம்பியை, சுருள் சுருளாகச் சுற்றிய இன்னொரு எஃகுக் குழலுக்குள் ஓடவிட்டார். அவ்வளவுதான். வீட்டில் பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குகிறது அல்லவா? சுருங்கவே சுருங்காத துணியாக இருந்தால் என்ன ஆகும்? நாடா மட்டும் நகரும். பௌடன் கேபிளின் வெளிக்குழல் அப்படிச் சுருங்காத துணி. இரண்டு முனையிலும் முட்டி நின்று அது தள்ளுவிசையைத் தாங்கிக்கொள்ளும். உள்கம்பி இழுவிசையைக் கொண்டுபோகும். நடுவில் பாம்பாக வளைந்து நெளிந்து போனாலும் இந்த முனையில் எவ்வளவு இழுத்தோமோ அவ்வளவு அந்த முனையில் நகரும். முதலில் சைக்கிள் பிரேக்குக்குத்தான் இது வந்தது. பிறகு மோட்டார் சைக்கிளின் கிளச், பிரேக், ஆக்சிலேட்டர் எல்லாவற்றுக்கும் பரவியது. கையை எடுக்காமலே வேகத்தை மாற்ற முடிந்தது.

அந்தக் கேபிளின் மறுமுனையில் இருந்தது கார்ப்புரேட்டர்.

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது ஒழுங்காக எரியாது. காற்றோடு கலந்து ஆவியாக வேண்டும், அதுவும் கணக்காக. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். நம் கணக்கில் சொன்னால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று! காற்று குறைந்தால் கரும்புகை. கூடினால் எஞ்சின் சூடாகித் திணறும். இந்தக் கணக்கை, ஓடுகிற வண்டியில், ஒவ்வொரு நொடியும் போட்டுக்கொண்டிருந்தது கையளவு உலோகப் பாத்திரம் ஒன்று. மின்சாரம் கிடையாது, மூளை கிடையாது.

எப்படிப் போட்டது? கொசு மருந்து அடிக்கும் ஃபிளிட் பம்பு உங்களுக்கு நினைவிருக்கும். பின்னால் தள்ளினால் காற்று ஒரு சின்னக் குழாயின் வாயைத் தாண்டி வேகமாகப் பாயும். கீழே டப்பாவில் இருக்கும் மருந்து தானாக மேலேறிச் சாரலாகப் பறக்கும். வேகமாக ஓடும் காற்றின் அழுத்தம் குறையும் என்பதுதான் அதன் சூத்திரம். 1738-இல் டேனியல் பெர்னூலி இதை எழுதிவைத்தார். ஒடுங்கிய குழாயில் பாய்ச்சல் எப்படி மாறுகிறது என்று இத்தாலிக்காரர் வெஞ்சுரி 1797-இல் எழுதினார். அவர் பெயரில்தான் கார்ப்புரேட்டரின் ஒடுங்கிய தொண்டையை இன்றும் வெஞ்சுரி என்கிறார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு வெஞ்சுரியை விளக்க இத்தாலி வரை போக வேண்டாம். ஆரல்வாய்மொழி போதும். இரண்டு பக்கமும் மலை; நடுவே கணவாய். ஆடி மாதத்தில் மேற்கேயிருந்து வரும் காற்று அந்த ஒடுக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வேகமெடுக்கும். முப்பந்தலில் காற்றாலைகள் காடாக நிற்பது அதனால்தான். கார்ப்புரேட்டரின் தொண்டை ஒரு குட்டி ஆரல்வாய்மொழி. அங்கே வேகமெடுக்கும் காற்று, அடியிலிருக்கும் சின்னத் துளை வழியாகப் பெட்ரோலை உறிஞ்சிச் சாரலாக்கி எஞ்சினுக்குள் கொண்டுபோகும்.

தொடக்கத்தில் இப்படி இல்லை. பெட்ரோலின் பரப்பின் மேல் காற்றைத் தவழவிட்டு, கிளம்பும் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பினார்கள். ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் 1893-இல் சாரல் கார்ப்புரேட்டரைக் கொண்டுவந்தார். அதே வருஷம் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இரண்டு பொறியாளர்களும் அதற்குக் காப்புரிமை கேட்டார்கள்.

இனி கேபிள் என்ன செய்கிறது என்று பாருங்கள். பேச்சிப்பாறைத் தண்ணீர் வரும் கால்வாயில் மடையின் பலகையைத் தூக்கினால் வயலுக்குத் தண்ணீர் கூடும், இறக்கினால் குறையும். கார்ப்புரேட்டரின் தொண்டைக்கு நடுவே அப்படி ஒரு பலகை உண்டு, உருளையாக இருக்கும். ஸ்லைடு என்பார்கள். கேபிளின் நுனி அதில் மாட்டியிருக்கும். கையைத் திருகினால் ஸ்லைடு மேலேறும், காற்று கூடும். ஸ்லைடின் அடியில் கூம்பிய ஊசி ஒன்று தொங்கும். ஸ்லைடோடு ஊசியும் மேலேற, கீழேயுள்ள துளை அதிகமாகத் திறக்கும், பெட்ரோலும் கூடும். காற்றும் பெட்ரோலும் கைகோத்துக்கொண்டு ஏறி இறங்கும். கையை விட்டால் மேலிருக்கும் ஸ்பிரிங் ஸ்லைடைக் கீழே தள்ளிவிடும். இந்த ஸ்பிரிங்கை மறந்துவிடாதீர்கள், பிறகு வருகிறது.

இதெல்லாம் நம் சாலைக்கு வந்தது திருவொற்றியூர் வழியாக. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் செய்த ராயல் என்ஃபீல்டு புல்லட்டை, எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் வாங்கத் தொடங்கியது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, திருவொற்றியூரில் பூட்டினார்கள். பிறகு படிப்படியாக எல்லாவற்றையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் கம்பெனியே மூடிப்போன பிறகும் திருவொற்றியூரில் புல்லட் வந்துகொண்டே இருந்தது. 1977-இல் மெட்ராஸில் செய்த புல்லட் இங்கிலாந்துக்கே கப்பலேறியது. அந்தப் பழைய புல்லட்டின் கார்ப்புரேட்டர் பர்மிங்காமின் அமால் வகை. மூன்று பழைய கார்ப்புரேட்டர் கம்பெனிகள் ஒன்றாக இணைந்ததால் வந்த பெயர் அது.

நானும் 1979-இல் ஒரு பழைய புல்லட் வாங்கினேன். பள்ளிக்கூடச் சம்பளத்தில் அது அதிகப்படிதான்; வீட்டுக்காரி இரண்டு நாள் பேசவில்லை.

அப்போது கொட்டாரம் ஜங்ஷன் பக்கம் ஓலைக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப் ஒன்று இருந்தது. அதை நடத்திய அண்ணாச்சி ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். காலையில் போனால் சுவரில் அடித்த ஆணிகளில் கேபிள்கள் வரிசையாகத் தொங்கும். மேல் முனையில் காகிதத்தைக் கூம்பாகச் சுற்றிக் கட்டி, அதில் எண்ணெய் ஊற்றியிருப்பார். ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக இறங்கி, விடியும்போது கீழ் முனையில் எட்டிப் பார்க்கும். கடலிலிருந்து நாலைந்து கல் தூரத்தில் இருக்கும் ஊர் அல்லவா? உப்புக்காற்று கேபிளுக்குள் புகுந்து உள்கம்பியைத் தின்றுவிடும். எண்ணெய் விட்ட கேபிள்தான் பிழைக்கும்.

“சார், கேபிள் ஒரே நாள்ல அந்து போகாது. ஒவ்வொரு இழையாத்தான் போகும். கைப்பிடி கனமாச்சுன்னா, திருகுனது திரும்பி வராம மடிச்சுதுன்னா, அது உங்ககிட்ட சொல்லுகுன்னு அர்த்தம்” என்பார்.

கார்ப்புரேட்டரைக் கழற்றினால் பழைய பனியன் துணியை விரித்து, ஒவ்வொரு சாமானாக அடுக்குவார். பித்தளை மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குவார். உள்ளே ‘சளக்’ என்று கேட்டால் ஓட்டை, பெட்ரோல் புகுந்துவிட்டது. மிதவை மூழ்கும், பெட்ரோல் வழியும். மாடித் தொட்டியின் பந்து ஓட்டையானால் தண்ணீர் வழிவது போலத்தான். சுடுதண்ணீரில் முக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உள்ளிருக்கும் பெட்ரோலை முழுக்க வெளியேற்றிவிட்டுத்தான் ஈயம் வைப்பார். ஜெட்டில் அடைப்பு என்றால் வாயால் ஊதுவார். ஒருமுறை நான் அவசரத்தில் கம்பியை விடப்போனேன். கையைப் பிடித்துவிட்டார். “பித்தளையாக்கும் சார். ஓட்டை ஒரு முடி பெருசானாப் போதும், ஆயுசுக்கும் பெட்ரோல் குடிச்சிட்டே இருக்கும்.”

பிளக்கைக் கழற்றிப் பார்த்து வண்டிக்கு ஜாதகம் சொல்வார். கறுப்புப் புகை படிந்திருந்தால் பெட்ரோல் கூட. வெளுத்திருந்தால் காற்று கூட. வறுத்த காப்பிக்கொட்டை நிறம் என்றால் சரி. ஊசியில் ஐந்து வெட்டுகள் இருக்கும். கிளிப்பை ஒரு வெட்டு மேலேயோ கீழேயோ மாற்றிப் பூட்டுவார். பிறகு ஏர் ஸ்க்ரூவைக் கால் திருகு, அரைத் திருகு என்று திருப்பிக்கொண்டே கண்ணை மூடிக் கேட்பார். “வண்டிக்க மூச்சைக் கேளுங்க சார்” என்பார்.

பெர்னூலி தேற்றத்தை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். அது பெட்ரோலை எப்படித் தூக்குகிறது என்று முதன்முதலாக அந்த ஓலைக் கூரைக்குக் கீழேதான் கண்ணால் கண்டேன். மறுவாரம் ஒரு பழைய கார்ப்புரேட்டரை அவரிடம் கடன் வாங்கி வகுப்புக்குக் கொண்டுபோனேன். அன்று யாரும் தூங்கவில்லை.

ஒருநாள் கேபிளைச் சரிசெய்துகொண்டே அண்ணாச்சி சொன்னார்: “எங்கயாவது வழியில கேபிள் அத்துப்போச்சுன்னா பயப்படாதீங்க. ஸ்பிரிங் ஸ்லைடைக் கீழ தள்ளிரும். வண்டி பாயாது, ஸ்லோவுல நிக்கும். ஸ்லைடுக்கு அடியில தாங்குக ஸ்க்ரூ இருக்கு பாருங்க, அதை உள்ள ஏத்துங்க. ஸ்லைடு கொஞ்சம் பொங்கும். ரெண்டாம் கியர்ல உருட்டிக்கிட்டே போயிரலாம்.” நான் தலையாட்டினேன். கேபிளுக்கு எண்ணெய் விடச் சொன்னதற்கும் தலையாட்டினேன், ஆனால் விடவில்லை.

1981 ஐப்பசி. அப்பா நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தார். பகலெல்லாம் கூட இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். தெரிந்தவர் ஒருவர் சைக்கிளில் வந்து, “அப்பா உங்களைத் தேடுகாரு, உடனே வரணுமாம்” என்றார். மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. மழை. புல்லட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பொற்றையடி தாண்டியாயிற்று. வழுக்கம்பாறைக்கு அப்பால், இரண்டு பக்கமும் வயல், ஒரு விளக்கு இல்லாத இடத்தில், கைப்பிடி சட்டென்று கனமற்றுப் போனது. கொடி அறுந்த வாளி போல. எவ்வளவு திருகினாலும் ஒன்றுமில்லை. எஞ்சின் மட்டும் ‘டுக்... டுக்...’ என்று மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது. மாதக்கணக்காகக் கைப்பிடி கனத்துக் கனத்து என்னிடம் சொல்லிப் பார்த்தது, நான்தான் கேட்கவில்லை.

அந்த மழையில் அழுகைதான் வந்தது. பிறகு அண்ணாச்சி சொன்னது நினைவுக்கு வந்தது. டூல் பாக்ஸில் ஸ்பேனர் இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் இல்லை. இருட்டில் தடவித் தடவி அந்த ஸ்க்ரூவைக் கண்டுபிடித்து, நட்டைத் தளர்த்தி, சட்டைப் பையிலிருந்த நாலணாக் காசை வெட்டில் வைத்துத் திருகினேன். விரல் சூட்டில் பொத்துப் போனது. எஞ்சினின் சத்தம் மெல்ல ஏறியது. இன்னும் திருகினேன், இன்னும் ஏறியது. கிளச்சைப் பிடித்து, கியர் போட்டு, மெதுவாக விட்டேன். வண்டி நகர்ந்தது.

சுசீந்திரம், பழையாற்றுப் பாலம், இடலாக்குடி, கோட்டாறு. நடப்பதைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அப்பா விழித்திருந்தார். “நனைஞ்சிட்டியா மக்கா” என்று கேட்டார். வயல் குத்தகை பற்றி, தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடன் பற்றி, அம்மாவைப் பற்றி, ஒரு மணி நேரம் தெளிவாகப் பேசினார். விடியற்காலையில் நினைவு தப்பியது. பிறகு அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

அந்த ஒரு மணி நேரத்தை எனக்குக் கொடுத்தது ஒரு ஸ்பிரிங், ஒரு ஸ்க்ரூ, ஒரு நாலணாக் காசு. அவற்றைப் பற்றிச் சொல்லித் தந்த ஒரு மனிதர்.

அதற்குப் பிறகு சாலையே மாறியது. 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. வாத்தியாரும் மீன்காரரும் பால்காரரும் ஓட்டினார்கள். எண்பதுகளின் நடுவில் இண்ட் சுசுகி, ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தன. சென்னையில் யூகால் கம்பெனி ஜப்பானின் மிக்குனியோடு சேர்ந்து ‘மிக்கார்ப்’ செய்தது. புல்லட்டிலும் அமால் போய் மிக்கார்ப் வந்தது. அதன் பிறகு வந்த ஒருவகைக் கார்ப்புரேட்டரில் கேபிள் ஸ்லைடை நேராகத் தூக்காது. ஒரு தகட்டை மட்டும் திறக்கும். எஞ்சினின் உறிஞ்சல்தான் ஸ்லைடைத் தூக்கும். நாம் கேட்போம், எஞ்சின் முடிவு செய்யும்.

அடுத்தது காற்றின் முறை. கார்ப்புரேட்டர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் போட்டாலும் அது தோராயம்தான். வெயிலில் ஒரு கணக்கு, மழையில் ஒரு கணக்கு. கொடைக்கானல் ஏறினால் காற்று மெலிந்து வண்டி புகை கக்கும். புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்ய, கலவை நூல் பிடித்தது போல இருக்க வேண்டும். சென்சார்களும் கம்ப்யூட்டரும் இல்லாமல் அது கஷ்டம். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தது; அதற்கு முந்தைய தரத்து வண்டிகளை அந்தத் தேதிக்குப் பின் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லியிருந்தது. புது மோட்டார் சைக்கிள்களில் கார்ப்புரேட்டரின் காலம் அதோடு முடிந்தது என்றே சொல்லலாம். சாதாரண வண்டிகளில் கேபிள் இன்னும் இருக்கிறது. அது திறப்பது காற்றுக்கான தகட்டை மட்டும். பெட்ரோலை அளந்து பீய்ச்சுவது கம்ப்யூட்டர். பேரனின் வண்டியில் அந்தக் கேபிளும் போய்விட்டது.

இதை ஒப்பாரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளிக்கூட வாசலில் மாலை நேரத்தில் நின்ற நீலப் புகை எனக்கு நினைவிருக்கிறது. மழைக்காலக் காலையில் கிக்கரை உதைத்து உதைத்துக் கணுக்கால் வீங்கியதும் நினைவிருக்கிறது. பேரன் பொத்தானை அமுக்குகிறான், வண்டி கிளம்புகிறது. அண்ணாச்சியின் சிஷ்யன் இப்போது அதே ஜங்ஷனில் கடை வைத்திருக்கிறான். கையில் ஸ்கேனர், மாட்டினால் எந்த சென்சார் போயிற்று என்று எழுத்தில் வருகிறது. அவனும் நல்ல வேலைக்காரன்தான். ஆனால் “இந்தப் பார்ட் திறக்க முடியாது சார், மாத்தத்தான் செய்யணும்” என்று ஒரு நாளில் பத்து முறையாவது சொல்கிறான். அண்ணாச்சி அந்த வாக்கியத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை.

பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவன், “தாத்தா, ராத்திரி நடுவழியில என் வண்டி நின்னா நான் என்ன செய்யணும்?” என்றான். போன் செய்து ஆளை வரச் சொல்வதைத் தவிர வேறு பதில் எனக்கும் தெரியவில்லை.

பிறகு அவன் வண்டியில் மிச்சமிருந்த ஒரே கேபிளை, இடது பக்கத்துக் கிளச் கேபிளைக் காட்டினேன். லீவரைக் கழற்றி, காகிதத்தைக் கூம்பாகச் சுற்றி, எண்ணெய் விடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன். இருவருமாக முற்றத்தில் உட்கார்ந்து விட்டோம். கிளச் பிடித்துப் பார்த்துவிட்டு, “முன்னைவிட லேசா இருக்கு தாத்தா” என்றான்.

உங்களில் யாராவது வழியில் கேபிள் அறுந்து நின்றிருந்தால், எப்படி வீடு வந்து சேர்ந்தீர்கள் என்று எழுதுங்கள். அண்ணாச்சியைப் போல ஒருவர் உங்கள் ஊரிலும் இருந்திருப்பார்.